களத்துச் சுவருக்குப் பின்னால் நின்றவன்

ஓர் அரிசி ஆலை. அதை ஒட்டி இரண்டு கிடங்கு. நாலு அறுவடை மெஷின், அதில் ஒன்று சேற்றிலும் இறங்கும் பெல்ட் வண்டி. தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில், பாபநாசத்துக்குச் சற்று முன்னால், மூன்று மாடி வீடு. வீட்டுக்கு எதிரே பெரிய பண்ணையின் பழைய நெல் களம், சுற்றுச்சுவரோடும் இரும்புக் கதவோடும். இவ்வளவையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் சேர்த்தான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது முப்பது வயதில். பேங்கில் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திய குமாஸ்தா, பிறகு தன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மறுநாளே ஒரு சிலேட்டு வாங்கினேன்.

மாமன் மச்சான் என்று தூக்கிவிட எனக்கு ஒருவரும் இல்லை. ஆலைக்கு மின்சாரம் வரக்கூடாது என்று மனு போட்டவர்கள் உண்டு. அவர்களுடைய நெல்லையும் பிறகு என் ஆலைதான் அரைத்தது.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒரு நாயையும் சேர்க்க வேண்டும். ஏழு நாய்களுக்கு நடுவில், பத்தடி தள்ளி வாத்துக் கூட்டம் போகும்போது, கயிறு தொய்ந்திருக்க ஒரு நிமிடம் உட்கார்ந்த நாய். மற்றதையெல்லாம் நான் கட்டினேன் என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. நாய் விஷயத்தில் மட்டும் என்னை விட்டுவிட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாய் எங்கள் ஆலையில், உமி மேட்டுக்கு அடியில் பிறந்தது. நாட்டு நாய். செம்மண் நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. எது அசைந்தாலும் பார்க்கும். எலி, ஓணான், காக்கை, லோடுமேன் தோளில் ஏறும் மூட்டை, தூரத்தில் திரும்பும் பஸ். ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று. ஆலை நாய் அப்படித்தான் இருக்க முடியும். எலி பிடிக்காத நாய்க்கு இங்கே சோறு இல்லை என்று சொல்லி வைத்தவன் நான். இதன் கூடப் பிறந்த மூன்றும் எலி பிடிக்கவில்லை. அவை என்ன ஆயின என்பதை எழுத வேண்டியதில்லை.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு அந்த நாய் படியேறி வீட்டுக்குள் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. மனிதர்களிடம் பேசுவதை அவள் ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். வாய் கோணிப் போகிறது என்ற வெட்கம். நாயிடம் பேசினாள். பக்கத்து அறையில் இருந்து நானே கேட்டிருக்கிறேன். என்னிடம் நாற்பத்தைந்து வருடத்தில் சொல்லாத விஷயங்களையெல்லாம் அதனிடம் சொன்னாள்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, ஊன்றுகோலோடு நடந்து பழகியவள் நாயின் கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு களத்துக் கதவு வரை போயிருக்கிறாள். வாய்க்கால் மேட்டில் ஒரு கீரி ஓடியது. அவ்வளவுதான். நெற்றியில் ஆறு தையல்.

ஆலையை இப்போது பார்த்துக்கொள்வது என் மகன். அவன் என்னைப் போலத்தான், சுற்றி வளைத்துப் பேச மாட்டான்.

"டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்ப்பா. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் இறக்கி விட்டுட்டு வந்துருவான்."

"அம்மா?"

"ரெண்டு நாள் அழுவாங்க. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா படுத்த படுக்கைதான். அது தேவலையா?"

அவள் அழவில்லை, சாப்பிடுவதை நிறுத்தினாள். மூன்றாம் நாள் மகன் கொஞ்சம் இறங்கி வந்தான். அந்தச் சமயத்தில்தான் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஆலையில் நெல் காயவைக்க டிரையர் போட்ட பிறகு எங்கள் களம் சும்மாதான் கிடந்தது. ஞாயிறு காலை மட்டும், ஆறு வாரம், களத்தைக் கொடுத்துவிட்டான். கடைசி வாரம் பரீட்சை. மற்ற நாய்களுக்கு நடுவில், கயிறு தொய்ந்திருக்க, ஒரு நிமிடம் உட்கார வேண்டும்.

"உக்காந்தா இருக்கட்டும். இல்லைன்னா அன்னைக்கே வண்டி. நீங்கதான் கயிறு பிடிக்கணும், எனக்கு நேரமில்ல."

"ஆறு வாரம் எதுக்குடா. எனக்கு ஆறு நாள் போதும்," என்றேன்.

பயிற்சிப் பெண் மயிலாடுதுறைப் பக்கத்து லூத்தரன் குடும்பத்தைச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்து, அதே ஸ்கூட்டரில் சர்ச்சுக்குப் பறப்பாள். ஒல்லியான உடம்பு, சத்தம் போடாத குரல். இவளுக்கு நாய் அடங்குமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் ஞாயிறு ஏழு நாய்கள் வந்தன. முன்வரிசையில் கொழுத்த லாப்ரடார் ஒன்று. அதைப் பிடித்திருந்தவர் தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். பெரிய பண்ணையின் கடைசி மகன். அதாவது இந்தக் களம் அவர் அப்பாவுடையது. பக்கத்தில் ஓர் அல்சேஷன், சுவாமிமலையில் சிலை வார்க்கிறவருடையது. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். என் நாய் களத்துக்குள் கால் வைத்ததுமே நாலு திசையும் இழுத்துக்கொண்டு சுற்றியது. நான் ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அய்யா, நீங்க நாயைக் கூட்டிட்டு வந்தீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டு வந்துச்சா?" என்றார் சிலைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சிப் பெண் என்னிடம் வந்து கதவைக் காட்டினாள்.

"அய்யா, நீங்க கேட்டுக்கு வெளியில நில்லுங்க. தூரமா."

"எங்க?"

"வெளியில. இவ்ளோ கிட்டத்துல இத்தனை நாய் இருந்தா இதால தாங்க முடியாது. எந்த தூரத்துல நின்னா நாம பரிசா நீட்டற ஈரலை வாங்கித் திங்குதோ, அதுதான் இதுக்கு வகுப்பு. வாரா வாரம் நாலு அடி உள்ள வரலாம்."

அவள் சொன்னது சரி. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியே என் அப்பா நின்றிருக்கிறார். பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன், எட்டு வயதில். அறுவடை முடிந்து கூலி நெல் அளக்கும் அன்று பண்ணையாட்கள் களத்துக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். பெயர் சொன்னால் துண்டை விரிக்க வேண்டும். எட்ட நின்று கொட்டுவார்கள். சிதறியதைப் பொறுக்க நான் ஒருமுறை இரண்டடி உள்ளே போய்விட்டேன். பண்ணையின் காரியக்காரர் கையில் இருந்த குச்சியால் அடித்தார். என்னை அல்ல, என் அப்பாவை, என் கண் முன்னால். அப்பா அசையவில்லை. குச்சி எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னை அடித்தார்.

இந்தக் களத்தைக் கிரயம் செய்த அன்று நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். குடை கொண்டுவந்தவனைத் திட்டி அனுப்பினேன்.

"தூரமா நிக்கறதுக்கு நான் இந்தக் களத்தை வாங்கலம்மா," என்றேன்.

"உங்களைச் சொல்லலங்க அய்யா. நாயைத்தான் சொன்னேன்."

"நாய் என் கையிலதானே இருக்கு."

முன்வரிசைக்குப் போனேன். லாப்ரடாருக்குப் பக்கத்தில், பேராசிரியரின் தோளுக்கு நேராக நின்றேன். அன்று என் நாய் ஈரலை ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. லாப்ரடார் மேல் இரண்டு முறை பாய்ந்தது. பேராசிரியரின் பாண்டில் சேறு. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் களத்தில் என் முறைப்படி பயிற்சி கொடுத்தேன். நாயை நடுவில் உட்கார வைத்துவிட்டு ஆலையில் இருந்து நாலு கோழியை விடச் சொல்வேன். கையில் ஆலை பெல்ட்டின் அறுந்த துண்டு. நாய் கோழியைப் பார்த்தால் ஓர் அடி. பஸ்ஸைப் பார்த்தால் ஓர் அடி. வானத்தைப் பார்த்தாலும் ஓர் அடி. என்னைப் பார்த்தால் அடி இல்லை. கணக்கு அதற்குப் புரிந்துவிட்டது. நாலாவது நாள் கோழி மூக்குக்கு நேரே போனாலும் அது திரும்பவில்லை. என்னையே பார்த்தது.

களத்தைப் பார்த்தபடி என் மனைவியின் ஜன்னல் இருக்கிறது. பழைய தேக்கு ஜன்னல், மழையில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். மூட இரண்டு கை வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு எல்லோர் கண்ணும் என் பக்கம்தான். முன்வரிசையில் என் நாய் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தது. லாப்ரடார் வந்து பின்பக்கம் மோந்தது. அசையவில்லை.

"என்னங்க இது, எங்க பட்டறையில வார்த்த மாதிரி இருக்கு," என்றார் சிலைக்காரர்.

"ஆறு நாள்," என்றேன். "கேட்டுக்கோங்க. ஆறே நாள்."

பயிற்சிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மண்டியிட்டு ஈரல் துண்டை அதன் வாயருகில் நீட்டினாள். நாய் வாங்கவில்லை. துண்டைப் பார்க்கக்கூட இல்லை.

"காலையில சாப்பாடு போட்டீங்களா அய்யா?"

"ஒண்ணும் போடல."

"பசியில இருக்கற நாய் ஈரலைத் திங்கலை," என்றாள். என்னிடம் சொன்னதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. "நாக்கு காஞ்சு கிடக்கு பாருங்க."

"சொன்ன பேச்சு கேக்குதுல்ல, அப்புறம் என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலையே அதுகிட்ட. யார் பேச்சைக் கேக்குது?"

படித்த பிள்ளைகள் கேள்வியாகவே பேசுவார்கள்.

மூன்றாவது ஞாயிறு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். நாய் வயிறு சிமெண்டில் ஒட்டும்படி தாழ்ந்து, அப்படியே மூத்திரம் போய்விட்டது. அந்த ஈரம் மெதுவாக ஓடி லாப்ரடாரின் காலடி வரை வந்தது. நாய் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிலைக்காரர்கூடத் தன் அல்சேஷனைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பேராசிரியர்தான் பேசினார். நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"எங்கப்பா உள்ள வந்தா இந்தக் களத்துல ஆளுங்க இப்படித்தான் ஒடுங்குவாங்க. நான் சின்னப் பையன், பார்த்திருக்கேன். ஒரு சத்தம் இருக்காது."

"உங்கப்பா போனப்புறம் அந்த ஆளுங்க களத்தையே வாங்கிட்டாங்க சார்," என்றேன். "நீங்க இப்ப என் களத்துல நாய் மேய்க்கறீங்க. அதையும் பார்த்துக்கோங்க."

அவர் லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். ஐம்பத்தைந்து வருடம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு கீழே பார்த்தேன். நாய் இன்னும் எழுந்திருக்கவில்லை. என் அப்பா குச்சியைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பயிற்சிப் பெண் என்னோடு வீட்டுக்கு வந்தாள். மகனும் இருந்தான்.

"முன்னாடி இதுக்குக் கவனம் சிதறிச்சு. அதைச் சரி பண்ணலாம்," என்றாள். "இப்ப இருக்கறது கவனம் இல்லைங்க, பயம். அய்யா கயிறு பிடிச்சா அடுத்த வாரத்துலேருந்து நான் வகுப்பு எடுக்கல. வேற எடம் பார்த்துக்கறேன்."

"நல்லதாப் போச்சு," என்றான் மகன். "டிரைவரை இன்னைக்கே—"

"நான் பிடிக்கறேன்."

என் மனைவி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்தது. மகனிடமும் என்னிடமும் அவள் பேசிப் பத்து நாள் இருக்கும்.

"அம்மா, உங்களால எப்படிம்மா? திரும்பி இழுத்துச்சுன்னா?"

"கயித்தை என் சக்கர வண்டியில கட்டு. இழுத்தா வண்டியோட போறேன். நீ கவலைப்படாத, ரெண்டு பேரையும் சேந்தாப்பல கொள்ளிடத்துல இறக்கி விட்டுடு."

மகன் வெளியே போய்விட்டான்.

அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் புரட்டாசியில் கவிச்சி வாசலைத் தாண்டாது. கல்யாணமாகி வந்ததில் இருந்து ஒரு சனிக்கிழமைகூடப் பெருமாள் தளிகையைத் தவறவிடாதவள் அவள். ஈரலுக்குப் பதிலாகத் தயிர்ச்சாதத்தை உருட்டிக் கொடுக்கலாம் என்றேன். பயிற்சிப் பெண் தயங்கினாள். அதை நாய் மோந்துகூடப் பார்க்காது என்றாள். என் மனைவி வலது கையை நீட்டினாள்.

"ஈரலை என் மடியில வைங்க. பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அந்த ஈரலை வாங்கியவன் நான். நெல் அவிக்கிற தொட்டி நீராவியில் வேக வைத்தவன் நான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு அரிந்தவனும் நான். யாரும் இதைச் சொல்வதில்லை.

நாலாவது ஞாயிறு அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். பயிற்சிப் பெண் சொன்ன இடத்தில், கதவுக்கு வெளியே, தூரமாக நிறுத்தினேன். நாய் படுக்க ஒரு பழைய சாக்கு. என் மனைவி கட்டிலடியில் போட்டிருந்தது, அதன் வாசனை நாய்க்குத் தெரியும். கயிறு நாற்காலியில். பின்னால் நீளமாக இன்னொரு கயிறு பயிற்சிப் பெண் கையில். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அப்பா நின்ற இடம், ஒரு முழம் முன்னே பின்னே இருக்கலாம்.

முறை எளிது. நாய் மற்ற நாய்களைப் பார்க்கும். பார்க்கட்டும், தப்பில்லை. பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினால் "ம்" என்று சொல்லி ஒரு துண்டு. திரும்பாவிட்டால் ஒன்றும் சொல்லக்கூடாது, இழுக்கவும் கூடாது. அரை மணி நேரம் அப்படியே. நாய் ஈரலைத் தின்றது. மூன்று வாரத்தில் முதல் தடவை அது மெல்லும் சத்தத்தைக் கேட்டேன்.

ஆனால் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்தது. பயிற்சிப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னிடம் காட்டினாள்.

"இந்தப் பக்கம் லாப்ரடார், அல்சேஷன், பஸ், காக்கா, எல்லாம் சேர்த்து. இந்தப் பக்கம் நீங்க மட்டும்."

எனக்குப் படிப்பு குறைவுதான், கோடு எண்ண வரும். என் பக்கம்தான் தாள் நிறைந்திருந்தது.

"இதுக்கு இப்ப பெரிய தொந்தரவு மத்த நாய்ங்க இல்லைங்க அய்யா. நீங்கதான். நீங்க அது கண்ணுல படக்கூடாது. உங்க குரலும் கேக்கக்கூடாது. சுவருக்கு அந்தாண்ட போயிடறீங்களா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை எனக்காகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"போங்க," என்றாள். "நாப்பத்தஞ்சு வருஷமா உங்க கையைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் சோறு போட்டேன். எனக்கே இன்னும் பார்வை அங்கதான் போகுது. அது பாவம், நாயி. போங்க."

ஏழு பேருக்கு முன்னால், அந்தப் பேராசிரியருக்கு முன்னால், இதைச் சொன்னாள். நான் அவளைக் கடைசியாக அடித்தது மகனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். அதை அவள் மறந்திருப்பாள் என்றுதான் அதுவரை இருந்தேன்.

போனேன். களத்தின் மேற்குச் சுவருக்குப் பின்னால் ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீர் ஓடும் சாக்கடை இருக்கிறது. அந்த நாற்றத்தை ஆலைக்காரன் ஒருவனால்தான் தாங்க முடியும். சுவரில் செங்கல் ஒன்று பெயர்ந்து கையளவு ஓட்டை இருந்தது. ஐந்தாவது ஞாயிறு முழுக்க அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். சாக்கு கதவைத் தாண்டி உள்ளே வந்தது. நாலடி. பிறகு இன்னும் நாலடி. ஈரலை வாங்க மறுத்தால் உடனே இரண்டடி பின்னால் போனார்கள். பேராசிரியர் தன் லாப்ரடாரை அந்த நாற்காலிக்கு முன்னால் மெல்ல நடத்திக் காட்டி உதவினார். நான் அவரிடம் பேசிய பேச்சுக்கு அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. என் மனைவி அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். எனக்குக் கேட்கவில்லை.

ஆறாவது ஞாயிறு பரீட்சை. மகன் களத்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டிரைவர் வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி வைத்திருந்தான். பின்பக்கக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு சங்கிலி. அதை என் மனைவி பார்க்கும்படி நிறுத்த வேண்டாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு நாய்களும் வட்டமாக உட்கார வேண்டும். என் மனைவியின் நாற்காலி வட்டத்தில் கதவுப் பக்கம். சாக்கின் மேல் நாய். நான் ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன். அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

வாத்து. குறுவை அறுத்த வயல்களில் மேய்க்க வந்த கூட்டம், வாய்க்கால் மேட்டில் இருந்து இறங்கி, என் பக்கமாக, களத்துக் கதவைக் கடந்து போகும் பாதையில் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில். கழுத்தை நீட்டி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. சுவர் மறைத்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான். கீரி ஒன்றுக்கே என் மனைவியைத் தள்ளிய நாய் அது.

கத்தி நிறுத்தச் சொல்லலாம். கத்தினால் என் குரல் உள்ளே கேட்கும். கேட்டால் அந்த நாய் சாக்கை விட்டு எழாது, வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு நனைந்துவிடும். அதை உட்கார்ந்ததாக அந்தப் பெண் எழுத மாட்டாள்.

மேய்ப்பவர் என் வயது இருக்கும். கோவணம் மாதிரி கட்டிய கைலி, கையில் நீளக் கழி. நான் கையை ஆட்டினேன். அவர் புரியாமல் கழியை உயர்த்தி, வாத்துகளைத் திருப்புவதற்கு அவர்கள் போடும் அந்தக் குரலைப் போட வாயைத் திறந்தார். அரை மைல் கேட்கும் குரல் அது. ஏழு நாயும் எழுந்துவிடும். நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். கழுத்தைப் பின்னால் வளைத்து, இழுத்துவந்து ஓட்டைக்குக் கீழே சுவரோடு அழுத்தினேன். கழி சாக்கடையில் விழுந்தது. அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். உதறினார். என் உள்ளங்கையில் பல் இறங்கியது. விடவில்லை. நான் ஒரு சத்தமும் போடவில்லை. அவர் மூச்சு என் விரல் இடுக்கில் சூடாக வந்து வந்து போனது. கண் பிதுங்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆனாலும் விடவில்லை. அவர் தலைக்கு மேலே ஓட்டை இருந்தது. எக்கிப் பார்த்தேன்.

வாத்துகள் கதவு முழுக்க அடைத்துக்கொண்டு போயின. உள்ளே லாப்ரடார் எழுந்து குரைத்தது. அல்சேஷன் சிலைக்காரரை இரண்டு தப்படி இழுத்தது. என் நாய் பின்னங்காலில் பாதி எழுந்தது. காது முன்னால் மடங்கியது. மகன் டிரைவரைத் திரும்பிப் பார்த்தான். பயிற்சிப் பெண் கயிற்றைத் தொடவில்லை. என் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை, மடியில் இருந்த கையைக்கூட அசைக்கவில்லை. நாய் வாத்தைப் பார்த்தது. பார்த்து முடித்தது. பிறகு கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. சாக்கில் உட்கார்ந்தது.

"ம்," என்றாள்.

அந்தச் சின்னச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. என் உள்ளங்கையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

கடைசி வாத்து போன பிறகுதான் அவரை விட்டேன். கீழே உட்கார்ந்து இருமினார்.

"என்னைக் கொல்லப் பார்த்தீங்களே முதலாளி. நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. அதான் வேணும்," என்று சொல்லிச் சாக்கடையில் இருந்து கழியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை என் கையில் இருந்து வாங்கவில்லை. கீழே போடச் சொல்லி, எட்டி நின்று எடுத்துக்கொண்டார். வாத்துகளின் பின்னால் நொண்டிக்கொண்டே போனார். திரும்பித் திரும்பி என் கையைத்தான் பார்த்தார்.

நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகன் அன்றைக்கே வண்டியை அனுப்பிவிட்டான். என் மனைவி இப்போது நாயோடு கதவு வரை நடக்கிறாள், கீரி ஓடினால் நாய் நின்று அவளைப் பார்க்கிறது. நான் அறைக்குள் நுழைந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் இப்போதெல்லாம் நான் அறை வாசலில் நின்றபடியே பேசுகிறேன்.

ஆலை ஆபீசில் மகன் ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். அதில் நாயின் பெயர், என் மனைவியின் பெயர், கீழே பயிற்சிப் பெண்ணின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு போட்டோ: மூன்று பேரும், ஓரத்தில் லாப்ரடாரோடு பேராசிரியரும். நெல் விற்க வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா பெரிய ஆளுதான்" என்கிறார்கள்.

போன வாரம் பயிற்சிப் பெண் அடுத்த வகுப்புக்குக் களம் கேட்டு வந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஆறு பல் தடம், இரண்டு ஆழம். வாத்துக்காரர் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு நான் என்ன செய்யணும்ங்க அய்யா?"

"அந்தச் சான்றிதழ்ல ஒரு வரி சேர்க்கணும்."

"என்னன்னு?"

அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நாயைப் பழக்கியவன் நான் என்று எழுத வேண்டாம், அது பொய். அடித்ததையும் எழுதிக்கொள்ளட்டும், நான் மறைக்கவில்லை. ஆனால் நான் அங்கே இல்லாமல் இருந்ததால்தான் அந்த நாய் உட்கார்ந்தது. இல்லாமல் இருப்பது சும்மா நடந்துவிடவில்லை. என் களத்தில், நான் வாங்கிய கதவுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், கையில் ஒருவன் பல் இறங்கியிருக்க, வாயைத் திறக்காமல் ஒருவன் நின்றான். நாலு மெஷினையும் ஆலையையும் கட்டியபோதுகூட நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. என் மனைவியின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி, சுவருக்குப் பின்னால் நின்றவர் என்று போட்டு என் பெயரை எழுத வேண்டும். எழுதித் தந்தால் களம். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.